கலங்கல்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, பவளப் பாறையைப் பற்றியோ கடற்புல்லைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்திருப்பார். கடல் உயிரியல் படிப்பவன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? நானோ பீரைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். தமிழ் மன்ற மலரில் பீரா என்று புருவத்தை நெறிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே உண்டு என்பதை நான் மறக்கவில்லை. அதியமான் மறைந்தபின், அவன் கொடுத்த கள்ளையும் சேர்த்து நினைத்து ஔவையார் புலம்பிய பாட்டு புறநானூற்றில் உண்டு என்பதை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். குடியை உயர்த்திப் பேசுவது என் நோக்கமன்று. நான் குடித்தது மொத்தமே நான்கு மிடறுதான்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரையை அப்பா படித்துவிட்டார். அவர் படித்த பிறகே இது மன்றத்துக்கு வருகிறது.

நாங்கள் உடன்குடிப் பக்கத்துக்காரர்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் செம்மண் தேரியும் பனங்காடுமாகக் கிடக்கும் பூமி. கருப்பட்டிக்குப் பெயர்போன ஊர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தத் தீவுகளைச் சூறையாடிய பிறகு, இடிந்த வீடுகளைக் கட்ட இங்கே கொத்தனார்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். 2006-இல் அப்பா சென்னையில் கப்பலேறினார். 2011-இல் அம்மாவையும் ஒன்பது வயதுச் சிறுவனாகிய என்னையும் அழைத்துக்கொண்டார். பாட்டி இறந்த பிறகு, 2015-இல் தாத்தாவும் வந்து சேர்ந்தார். 2024 செப்டம்பரில் இவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அப்பாவுக்கு அது இன்னமும் போர்ட் பிளேயர்தான். தாத்தாவுக்கோ அது அன்றும் இன்றும் 'அந்தமான்', அவ்வளவே.

எங்கள் வீட்டில் குடிக்கு இடமில்லை. கட்டட வேலையில் பொழுது சாய்ந்தால் உடம்பு வலிக்கு என்று சொல்லிக் கொஞ்சம் ஊற்றிக்கொள்வது பலருக்கு வழக்கம். அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். மேஸ்திரியான பின்பு தம்மிடம் வேலை செய்யும் ஆட்களும் அப்படி இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, இரண்டு நல்ல கொத்தனார்களை இழந்தார். இதுகூடப் பெரிதன்று. தாத்தா ஊரில் என்ன தொழில் செய்தார் என்று யாரேனும் கேட்டால், அப்பா உடனே "விவசாயம்" என்பார். அந்த நேரத்தில் தாத்தா வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

அவர் பனையேறி என்பது எனக்கு மட்டுமா தெரியாது? அவர் மார்பைப் பார்த்தாலே போதும். மரத்தோடு மரமாய் உராய்ந்து உராய்ந்து, அங்கே தோல் யானைத்தோல் போல் காய்த்துப் போயிருக்கிறது. பதநீர் இறக்கினார், பாட்டி கருப்பட்டி காய்ச்சினாள் என்பது வரை எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. கள் என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. ஏன் எழுவதில்லை என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை.

இனி பீருக்கு வருகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வங்காளி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து, 1949 முதல் இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்ட அகதிக் குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. அவர் மகன் என் பள்ளித் தோழன். இருவரும் பேசிக்கொள்வது இந்தியில். அவன் இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். சென்ற அக்டோபரில் துர்க்கை பூசைக்கு ஊருக்கு வந்தான். பூசைக் காலத்தில் விமானக் கட்டணம் ஏறும் உயரம் உங்களுக்குத் தெரியும். ஆகவே பையன் சென்னைக்கு வந்து, கப்பலில் பங்க் வகுப்பில், மூன்று இரவு வெந்து வியர்த்து ஹாடோ துறையில் வந்து இறங்கினான். அவனோடு அவன் பெட்டியில், இரண்டு சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைக்கப்பட்டு, அரை லிட்டர் டின் ஒன்றும் வந்து இறங்கியது.

"இது சாதாரண பீர் அன்று. பெங்களூரில் இதற்காக வரிசையில் நிற்கிறார்கள். கலங்கலாக இருக்கும். மாம்பழ வாசனை அடிக்கும், கொய்யா வாசனை அடிக்கும். ஆனால் பழம் ஒரு துளிகூடக் கிடையாது. எல்லாம் பூவின் வேலை," என்றான்.

விஞ்ஞான மாணவனிடம் இப்படிச் சொல்லிவிட்டு அவன் சும்மா போக முடியுமா? அன்றிரவே படிக்க உட்கார்ந்தேன். தேர்வுக்குப் படித்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

பீர் என்பது முளைகட்டிய பார்லியை வேகவைத்து, வடித்து, ஹாப் என்னும் கொடியின் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஈஸ்ட்டால் புளிக்கவைப்பது. அந்த ஹாப், கஞ்சாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. சாதுவான ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூவிதழ்களின் அடியில் மஞ்சள் தூள் ஒன்று இருக்கிறது. கசப்பும் மணமும் அதில்தான். கொதிக்கவைத்தால் அதிலுள்ள அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும்; மணமோ ஆவியோடு போய்விடும். ஆகவே கசப்பு வேண்டுவோர் பூவை முன்னதாகவும், மணம் வேண்டுவோர் கடைசியில், ஏன், ஆறிப் புளிக்கும் தொட்டியிலும் போடுகிறார்கள். நம் தாய்மார்கள் ரசத்தை இறக்கிய பின்பு கொத்தமல்லி தூவுவது என்ன கணக்கோ அதே கணக்குதான். பேரிடர் மேலாண்மை படிக்கும் நண்பர்கள் இந்தப் பத்தியையும் ஒரு பேரிடராகக் கருதிப் பொறுத்துக்கொள்வார்களாக.

இதில் நமக்கு நெருக்கமான கதை ஒன்று உண்டு. இந்த வகைக்குத் தாய்ப்பெயர் 'இந்தியா பேல் ஏல்'. அதாவது இந்தியாவுக்கென்று அனுப்பப்பட்ட வெளிர்நிறப் பீர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லண்டனில் போ என்ற பகுதியில் ஹாட்ஜ்சன் என்பவருக்கு ஒரு மதுவாலை இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் தலைவர்கள் அங்கே பீப்பாய்களை வாங்கி இங்கே கொண்டுவந்து விற்றார்கள். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதம், ஐந்து மாதம், சில வேளைகளில் ஆறு மாதம். அந்த வெப்பத்திலும் ஆட்டத்திலும் சரக்கு புளித்துப் போகாமல் காத்ததில் ஹாப்பின் கசப்புக்குப் பெரும் பங்கு உண்டு. பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா வகைகளுக்கு அது ஆகாது. பின்னர் 1820-களில் பர்ட்டன் ஊர்க்காரர்களும் இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். 1830-களில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆக, கப்பலுக்கென்றே பிறந்த பீர் அது.

கலங்கல் வகை அதன் பேரப்பிள்ளை. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில், வாட்டர்பரி என்ற சிற்றூரில், ஜான் கிம்மிச் என்பவர் 2003-இல் தொடங்கிய சிறு மதுக்கடையில் உருவான 'ஹெடி டாப்பர்' இவ்வகைக்கு முன்னோடி என்கிறார்கள். 2011-இல் ஐரீன் புயல் வெள்ளத்தில் கடை அழிந்தது. ஆனால் அதே வாரத்தில் டின்னில் அடைக்கும் வேலை தொடங்கிவிட்டது. டின்னிலிருந்தே குடியுங்கள், கண்ணாடியில் ஊற்றாதீர்கள் என்று அந்த டின்னிலேயே அச்சடித்திருப்பார்களாம். அதுவரை இவ்வகைப் பீர் என்றால் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும், கலங்கியது குறையுடையது என்பதே அங்கே பலரின் மதம். ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றின் புரதமும் ஹாப்பின் துவர்ப்புப் பொருள்களும் கைகோத்துக்கொண்டு தெளிய மறுப்பதே இந்தக் கலங்கலுக்குக் காரணம். 2018-இல் அமெரிக்க மதுவாலையாளர் சங்கமே தன் வகைப்பட்டியலில் இதற்கு இடம் கொடுத்துவிட்டது.

கலங்கல் என்று நான் சொல்வது மொழிபெயர்ப்பு என்று எண்ண வேண்டா. புறநானூற்றில் ஒரு பாட்டில், கலங்கல் வேறு, தேறல் வேறு என்று இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. தேறியது தேறல், கலங்கியது கலங்கல். வெர்மாண்டுக்காரருக்கு முன்பே நம்மவர் பட்டியல் போட்டுவிட்டார்கள் என்று மேடைப் பேச்சாளர் போல் முழங்கலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. சொல் நம்மிடம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்வோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பூசை முடிந்த மறுநாள் மாலை, மொட்டை மாடியில் வைத்து டின்னைத் திறந்தோம். அப்பா வேலையிடத்திலிருந்து வர ஏழு மணியாகும். அம்மா வெற்றிமலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தாள். இவ்வளவும் கணக்கிட்டுத்தான் திறந்தோம் என்பதை ஒளிப்பானேன்?

நண்பன் இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றினான். கலங்கல்தான், ஐயமில்லை. கடல்நீரின் தெளிவை அளக்க நாம் ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குகிறோமே, 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கையாண்ட முறை, அந்தத் தட்டை இதில் போட்டால் ஒரு விரற்கடை இறங்குமுன் மறைந்துவிடும். ஆனால் நிறம்? மாம்பழச் சாறு போல் இருக்கும் என்றான். எனக்கு அது மழைக்காலத்து ஓடைநீர் போல் பட்டது; மஞ்சளில் மண் கலந்தாற்போல ஒரு பழுப்பு.

முதல் மிடறு. கசந்தது. கசந்த பிறகு ஒரு மாவுத்தன்மை நாக்கில் படிந்தது. அதன்பின் ஒருவிதமான தித்திப்பு, பழைய தேன் போல.

"மாம்பழம் தெரிகிறதா?" என்று வினவினான் நண்பன்.

"தெரிகிறது," என்றேன்.

"கொய்யா?"

"அதுவும் லேசாகத் தெரிகிறது."

நண்பர்களே, ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் மூன்று இரவு கப்பலில் காத்துக்கொண்டு வந்தவனிடம் எப்படிச் சொல்வது? அதுவுமன்றி, பெங்களூரில் படித்தவர்கள் எல்லாம் உணரும் மணத்தை என் மூக்கு மட்டும் உணரவில்லை என்றால் குறை மூக்கிலா பீரிலா? மூக்கில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவனும் கண்களை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். இருவரும் கடலைப் பார்த்தவாறு, வாராத மாம்பழத்தை வந்ததாக எண்ணி உட்கார்ந்திருந்தோம்.

அப்போது படியில் காலடி கேட்டது. தாத்தா. மாலையில் காற்று வாங்க அவர் மாடிக்கு வருவது வழக்கம். கணக்கிட்ட எனக்கு அது எப்படி மறந்தது என்று புரியவில்லை. தம்ளரை மறைக்க நேரமில்லை. அவர் நேரே வந்து நின்று, குனிந்து பார்த்தார்.

"ஏலே, கள்ளா அது?"

வீட்டில் ஒருநாளும் எழாத சொல்லை, காப்பியா என்று கேட்பதுபோல் அவர் கேட்டுவிட்டார்.

"இல்ல தாத்தா. பீரு. பெங்களூர்ல இருந்து கொண்டாந்தான்."

"கொண்டா பாப்போம்."

தம்ளரை வாங்கினார். உடனே குடிக்கவில்லை. முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெள்ள அருகில் கொண்டுவந்தார். பிறகு மறுபடி தள்ளிப் பிடித்தார். எங்கள் ஆய்வுக்கூடத்தில் குடுவையை நுகர்வதற்குச் சொல்லித்தந்த முறையைவிட அது ஒழுங்காக இருந்தது. கடைசியில் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் துப்பிவிட்டார்.

"இது போச்சு மக்கா. இறக்கி ரொம்ப நாளாச்சு. வெக்கையில வேற கெடந்திருக்கு."

"என்ன சொல்கிறார்?" என்றான் நண்பன். சொன்னேன். அவன் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் அச்சிட்டிருந்த தேதியைப் படித்தான். ஜூன் மாதம் அடைத்தது. நான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, பெங்களூரில் குடித்தபோது டின்னைத் திறந்ததுமே மணம் முகத்தில் அடித்ததென்றும், இன்று நனைந்த அட்டைப்பெட்டி வாசம்தான் தனக்குத் தெரிந்ததென்றும், எனக்கு மாம்பழம் தெரிகிறதே என்பதால் பேசாமல் இருந்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டான். நானும் ஒப்புக்கொண்டேன். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"எப்படித் தாத்தா கண்டுபிடிச்சிய?"

"மணம் முன்னால வரணும்லே. வாயில படுததுக்கு முந்தி அது வந்து நிக்கணும். இதுல பின்னால வருது. வந்தாலும் பழைய கருப்பட்டி மாதிரி வருது."

பின்னர் புத்தகத்தைப் பார்த்தபோது, தாத்தா சொன்னதை நூலாசிரியர்கள் நீட்டி எழுதியிருந்தார்கள். ஹாப்பின் மணப்பொருள்களை ஆக்சிஜன் விரைவில் கெடுத்துவிடுகிறது. கலங்கல் வகையில் இது இன்னும் விரைவு. நிறம் பழுக்கும், மணம் மங்கும், தேனும் அட்டையும் கலந்தாற்போல் ஒரு வாசம் ஏறும். வெப்பம் இந்தக் கேட்டை விரட்டிக்கொண்டு போகும். குளிரில் வைத்து, அடைத்த சில வாரங்களுக்குள் குடித்துவிட வேண்டும். ஆறு மாதக் கப்பற்பயணத்தைத் தாங்கிய பாட்டனுக்கு, மூன்று நாள் பங்க் வகுப்பு தாங்காத பேரன்!

ஆனால் அன்று மாடியில் இந்த விஞ்ஞானமெல்லாம் பேசப்படவில்லை. தாத்தா சுவரோரமாக உட்கார்ந்தார். பத்து ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பனையில் பாளை விடும்போது அதைக் கடிப்பு வைத்து நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண் பனைக்கு ஒரு விதம், பெண் பனைக்கு ஒரு விதம். பிறகு பாளையின் நுனியைத் தினமும் மெல்லிசாகச் சீவ வேண்டும். "வெத்தல கனம்," என்று விரலால் காட்டினார். அதற்குமேல் சீவினால் பாளை விரைவில் தீர்ந்துபோகும். குறைத்துச் சீவினால் நீர் வராது. அரிவாளின் கூர்மையைக் கன்னத்து மயிரில் வைத்துப் பார்ப்பாராம். தளைநாரைக் காலில் மாட்டி, விடியுமுன் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை, ஒவ்வொரு மரமும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். தடவாவிட்டால் கள். இரண்டுக்கும் மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிறவன் ஒருவன்.

சுண்ணாம்பு ஈஸ்ட்டை வளரவொட்டாமல் தடுக்கிறது. அது இல்லாத கலயத்தில், காற்றிலும் பாளையிலும் கலயத்தின் சுவரிலும் இருக்கும் ஈஸ்ட்டும், சைமோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் நீர் சொட்டத் தொடங்கியபோதே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மரத்திலிருந்து இறங்கும்போதே அது கள்ளாகத்தான் இறங்குகிறது. அந்த வெண்மை அத்தனையும் உயிர்கள். மறுநாள் அது காடி. அதற்கு டின் இல்லை, தேதி இல்லை, கப்பல் இல்லை. மரத்தடிக்குப் போனவனுக்குத்தான் அது.

"காலங்காத்தால இறக்குன கள்ளு இருக்கே," என்று தொடங்கிய தாத்தா, சொல் கிடைக்காமல் சற்று நின்றார். "நொங்கு வெட்டும்போது ஒரு வாசம் வரும் பாரு, அது. அதோட கொஞ்சம் புளிப்பு. நொரை மூக்குல ஏறும். இவன் மாம்பழம் மாம்பழம்ங்கானே, பனைக்கு எதுக்குலே மாம்பழம்?"

எங்கள் வகுப்பில் கார் நிக்கோபாரைச் சேர்ந்த தோழர் ஒருவர் இருக்கிறார். அவர்கள் ஊரில் தென்னங்கள் இறக்குவது பழைய வழக்கம். அவர் பாட்டனார் இறக்கியதைச் சமையலைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். அதை நான் தாத்தாவிடம் கூறியபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றே: "தென்னம்பாளைய அவிய எப்படிச் சீவுதாவ?" எனக்கு விடை தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

தமிழ்நாட்டில் 1981-இல் கள்ளுக்கடைகள் திறந்தன. 1987 சனவரி 1 முதல் கள் தடைசெய்யப்பட்டது. இன்றளவும் அத்தடை இருக்கிறது. பக்கத்திலுள்ள கேரளத்திலும் புதுவையிலும் இல்லை. அந்த ஆறு ஆண்டுகளில்தான் வீட்டுக்கு ஓடு போட்டதாகத் தாத்தா சொன்னார். தடை வந்த பின்பு எல்லாக் கலயத்துக்கும் சுண்ணாம்பு தடவினார். "ரெண்டைத் தவிர," என்றார். "அது எனக்கு. பொழுதடைஞ்சா மேலு வலிக்கும்லா."

1988 சித்திரையில் அந்த இரண்டு கலயத்துக்காகக் காவலர்கள் வந்தார்கள். எல்லாக் கலயங்களையும், பதநீர்க் கலயங்களையும் சேர்த்து, உடைத்தார்கள். ஓர் இரவு நிலையத்தில் உட்காரவைத்தார்கள். அபராதம் கட்டப் பாட்டியின் காதிலிருந்தது போயிற்று. இதையெல்லாம் தாத்தா வேறு யாருக்கோ நேர்ந்ததுபோல்தான் சொன்னார்.

படியருகே யாரோ நிற்பதுபோல் தோன்றித் திரும்பினேன். அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ! காலில் சிமெண்டு காய்ந்திருந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கு.

என் கையில் தம்ளர் இருந்தது. இன்று வீட்டைவிட்டே போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஐயா," என்றார், தாத்தாவிடம். "மரத்தைக் காட்டினது நாந்தான்."

தாத்தா ஏறிட்டுப் பார்த்தார்.

அப்பா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார். அன்று பள்ளி விடுமுறை. அவருக்குப் பன்னிரண்டு வயது. சைக்கிளில் வந்த காவலர்களில் ஒருவர் அன்பாகப் பேசினார். உங்க அய்யா ஏறுற மரம் எதுடே என்று கேட்டார். வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்பது சிறுவனுக்குத் தெரியாது. ஊரிலேயே தன் தகப்பன்தான் அதிக மரம் ஏறுகிறவன் என்ற பெருமை மட்டும் தெரியும். ஒவ்வொரு மரமாகத் தொட்டு, எண்ணிக் காட்டியிருக்கிறார். கடைசி மரம்வரை.

அதன்பிறகு பள்ளியில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அப்பாவை அது உறுத்தியிருக்கும். ஆனால் அதற்காகவா அவர் முப்பத்தேழு ஆண்டுகளாக அந்தச் சொல்லை வீட்டுக்குள் விடவில்லை? தாத்தாவின் தொழில் அவருக்கு வெட்கம் என்றே இத்தனை நாளும் நான் நம்பியிருந்தேன். உள்ளுக்குள் சிறிது தாழ்வாகவும் அவரை நினைத்திருக்கிறேன். படித்த பிள்ளைக்குத் தன் தகப்பனைவிடத் தாத்தாவின் பக்கம் நிற்பது எவ்வளவு எளிது!

"அதுக்கப்புறம் நீங்க என்னையக் காட்டுக்குக் கூப்பிடவே இல்லியே," என்றார் அப்பா. குரல் கலங்கியிருந்தது.

தாத்தாவுக்கு அது விளங்கவே சற்று நேரம் பிடித்தது. "நீ படிக்கணும்னுல்லாடே விட்டேன்!" என்றார். பிறகு, "எம்மரம் எதுன்னு ஊருல எவனுக்குத் தெரியாது? நீ காட்டாட்டா இன்னொருத்தன் காட்டியிருப்பான். ரெண்டு கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவாதது நாந்தானே," என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தூக்கை எடுத்துக்கொண்டார், ஆனால் இறங்கவில்லை. கடலில் ராஸ் தீவின் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. வங்காளி நண்பனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என்ன நடக்கிறது என்று கண்ணால் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன்.

நெடுநேரம் கழித்து அப்பா என் பக்கம் திரும்பி, "அதை என்ன செய்யப் போற?" என்றார், தம்ளரைக் காட்டி.

"கெட்டுப் போச்சாம் அப்பா."

"அப்ப கொட்டு."

கீழே போய், மிளகாய்ச் செடிக்கு ஊற்றலாமா என்று தாத்தாவைக் கேட்டேன். செடிக்கு ஆகாது என்றார். சாக்கடையில் கொட்டினேன். அன்றிரவு அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில், கப்பலில் வெங்காயம் வந்திருக்கிறதா பார்த்து வாங்கி வா என்று வழக்கம்போல் சொன்னார்.

நண்பன் பெங்களூர் போய்ச் சேர்ந்ததும் எழுதியிருந்தான். அடுத்த முறை விமானத்தில் வருவானாம். அடைத்து ஒரு வாரம்கூட ஆகாததாகப் பார்த்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவருவானாம். தாத்தாவின் மூக்குக்கு அதையும் காட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்கு என் பதில் இன்னும் போகவில்லை. அப்பாவைக் கேட்காமல் எழுத இப்போது மனம் வரவில்லை.

கார் நிக்கோபார்த் தோழரிடம் பாளை சீவும் விதத்தைக் கேட்டுவிட்டேன். அவர் தம் பாட்டனாரிடம் தொலைபேசியில் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். தாத்தா நாள்தோறும் நினைவூட்டுகிறார்.

இக்கட்டுரையை எழுதி முடித்து, சாப்பாட்டு மேசையில் அப்பா முன் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தச்சுக் கணக்குப் பார்க்கும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார். காவலர்கள், அபராதம், பாட்டியின் காது, எதையும் அவர் தொடவில்லை. மாடியில் பேச்சுவாக்கில் தாத்தா முப்பது மரம் ஏறியதாகச் சொல்லியிருந்தார். நானும் அப்படியே எழுதியிருந்தேன். அந்த முப்பதை மட்டும் அடித்துவிட்டு, ஓரத்தில் 42 என்று எழுதிக் கொடுத்தார்.